வீட்டுச் சாமானின் மெய்யான எடை

சென்ற இதழில், ரயிலில் எந்த வகுப்புப் பிரயாணி எத்தனை கிலோ சாமானை இலவசமாக உடன் கொண்டுபோகலாம் என்பதைப் பற்றி எழுதியிருந்தோம். அதைப் படித்த அன்பர்கள் சிலர், "மூட்டை முடிச்சைப் பற்றிச் சொன்னீர்கள், குடித்தனத்தையே பெயர்த்துக்கொண்டு ஊருக்குப் புறப்படுகிறவன் என்ன செய்வது?" என்று கேட்டிருக்கிறார்கள். நியாயமான கேள்வி. மாற்றல் உத்தரவு வந்தவர்களும், ஓய்வு பெற்றுத் தாயகம் திரும்புகிறவர்களும் நம் சங்கத்தில் ஆண்டுதோறும் இருக்கத்தான் செய்கிறார்கள். அவர்களுக்கெல்லாம் லாரிதான் வழி. ஆதலின் இம்மாதம், லாரியில் ஏறும் வீட்டுச் சாமானின் எடையை முன்கூட்டி மதிப்பிடும் விஷயத்தை எடுத்துக்கொள்கிறோம்.

"இதில் மதிப்பிட என்ன இருக்கிறது? வண்டி கொள்ளும் மட்டும் ஏற்றவேண்டியது, கயிறு போட்டுக் கட்டவேண்டியது" என்பதே பெரும்பாலோர் எண்ணம். வண்டி கொள்வது வேறு, வண்டி தாங்குவது வேறு. இடம் இருக்கிறதா என்பதைக் கண் சொல்லிவிடும். எடையைக் கண் சொல்லாது. ஒரே அளவான இரண்டு அட்டைப்பெட்டிகளில் ஒன்றில் இலவம்பஞ்சுத் தலையணைகளையும் மற்றொன்றில் பள்ளிக்கூடப் புத்தகங்களையும் அடைத்து ஒட்டி வைத்துவிட்டால், தூக்கிப் பார்க்கும்வரை எது எதுவென்று எவரும் சொல்ல இயலாது. சரக்கு ஆபீஸில் சில காலம் உட்கார்ந்தவர்களுக்கு இது பால பாடம்.

ரயில்வேயில் இதற்கென ஒரு முறை உண்டு. நிலக்கரி ஏற்றிச் செல்லும் பாக்ஸ்-என் என்ற வாகனை யாவரும் பார்த்திருப்பீர்கள். அதன் வெறும் எடை சுமார் 22½ டன். சரக்கோடு சேர்த்து 81.28 டன் வரை போகலாம் என்பது அதை வடிவமைத்த கணக்கு. எட்டுச் சக்கரம், நான்கு அச்சு. ஆகவே அச்சு ஒன்றுக்கு 20.32 டன். வாகனின் பக்கப் பலகையிலேயே வெறும் எடையையும் ஏற்றத்தக்க எடையையும் வர்ணத்தால் எழுதி வைத்துவிடுகிறார்கள். வெறும் வண்டியின் எடை தெரியாதவனுக்குச் சரக்கின் எடையும் தெரியாது என்பதே அதன் தாத்பரியம்.

தாய்மார்களுக்கு இதைவிடக் கிட்டத்தில் ஓர் உதாரணம் உண்டு. சமையல் கியாஸ் சிலிண்டரின் கழுத்துக்குக் கீழே உள்ள பட்டையில் ஓர் எடை பொறித்திருக்கும். பெரும்பாலும் பதினைந்து, பதினாறு கிலோ இருக்கும். அது காலி உருளையின் எடை. அதனுடன் 14.2 கிலோ வாயுவைக் கூட்டினால் நிறைந்த உருளையின் எடை. கொண்டுவருபவரிடம் தராசில் நிறுத்துக் காட்டச் சொல்லும் குடும்பத் தலைவி, பொறித்த எடையைக் கழித்துத்தான் வாயு சரியாக இருக்கிறதா என்று பார்க்கிறாள். லாரி விஷயத்திலும் இதே கழித்தல்தான். வேறு வித்தை இல்லை. (பேச்சு வந்ததால் சொல்லி வைக்கிறோம்: ஊர் மாறும்போது சிலிண்டரை லாரியில் ஏற்றவேண்டாம். ஏஜென்சியில் ஒப்படைத்துச் சீட்டு வாங்கிக்கொண்டால் புது ஊரில் இணைப்புக் கிடைக்கும்.)

நிற்க. அண்மையில் நம் சங்கத்து மூத்த அன்பர் ஒருவர் ஓய்வு பெற்று, நாகபுரியிலிருந்து சேலத்துக்கு அருகே உள்ள தம் சொந்த ஊருக்குப் புறப்பட்டார். முப்பத்தைந்து ஆண்டுக் குடித்தனம். லாரித் தரகர் வந்து வீட்டை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, "டேட் டன் வண்டி போதும், ஆராமாகப் போகும்" என்று இந்தியில் அடித்துச் சொல்லிவிட்டார். அதாவது ஒன்றரை டன். அன்பருக்கும் அதே அபிப்பிராயம். "தம்பி, என் சாமான் ஒரு டன் இருக்கும், மிஞ்சிப் போனால் ஒன்றேகால்" என்றார். அன்று மாலை ஒரு நோட்டுப் புத்தகமும், வீட்டில் ஆள் ஏறி நின்று நிறை பார்க்கும் தராசும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம்.

அந்தத் தராசைப் பற்றி முதலில் சொல்லவேண்டும். பெட்டியை அதன்மேல் வைத்தால் எண் தெரியாமல் மறைந்துவிடும். ஆகையால் முதலில் ஆள் மட்டும் ஏறி நிற்கவேண்டும். பிறகு பெட்டியைக் கையில் ஏந்திக்கொண்டு ஏறி நிற்கவேண்டும். வித்தியாசம் பெட்டியின் எடை. இப்படி ஒரு பெட்டி பாத்திரம், ஒரு பெட்டி துணி, ஒரு பெட்டி புத்தகம் ஆகியவற்றை நிறுத்துக்கொண்டால், மற்றப் பெட்டிகளை எண்ணிப் பெருக்கிவிடலாம். தூக்க முடியாதவற்றுக்குத்தான் கணக்குப் போடவேண்டும்.

இரும்பு பீரோ, காலியாகவே எண்பது முதல் நூறு கிலோ இருக்கும். அதை 'காலி' என்று யாரும் ஏற்றுவதில்லை. புடவையும் வேட்டியும் உள்ளேயே இருக்கட்டும் என்று பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொள்வார்கள். ஒரு பட்டுப் புடவை முக்கால் கிலோ என்று வைத்துக்கொண்டாலும் நாற்பது புடவைக்கு முப்பது கிலோ ஆயிற்று. அன்பர் வீட்டு இரண்டு பீரோக்களுக்கும் உள்ளடக்கத்தோடு 280 கிலோ எழுதினோம்.

புத்தகந்தான் பெரிய ஏமாற்றுக்காரன். அடுக்கில் நெருக்கமாக நிற்கும் சாதாரணப் புத்தகங்கள் அடி நீளத்துக்குச் சுமார் ஒன்பது கிலோ இருக்கும். அன்பர் வாசிப்பவர், பழைய பத்திரிகைகளை ஆண்டுவாரியாகக் கட்டடம் செய்து வைத்திருப்பவர். நாடா வைத்து அளந்ததில் இருபத்தைந்து அடி வந்தது. புத்தகம் 225 கிலோ, இரண்டு அலமாரிகள் 60 கிலோ. "காகிதமா இவ்வளவு?" என்று அவரே வியந்தார்.

தேக்குக் கட்டில்கள் இரண்டும் மெத்தை தலையணையுடன் 225 கிலோ. குளிர்பதனப் பெட்டி 50. துணி துவைக்கும் இயந்திரம் முன்பக்கம் கதவுள்ள வகை, அது சுழலும்போது துள்ளாமல் இருப்பதற்காக உள்ளே காங்கிரீட் கட்டி வைத்திருக்கிறார்கள், ஆதலால் 65. இன்வெர்ட்டரும் அதன் பேட்டரியும் 70. பேட்டரியில் ஈயமும் திராவகமும் அல்லவா! டெலிவிஷன் 12 கிலோவோடு போயிற்று. சோபா, சாப்பாட்டு மேஜை, நாற்காலிகள் 180. ஊஞ்சல் பலகையும் சங்கிலியும் 50. அட்டைப்பெட்டி, சாக்கு, வைக்கோல், கயிறு இவற்றையும் எழுதவேண்டும். கட்டும் சாமான் எடையில்லாதது என்று நினைப்பவர்கள் பலர். 60 எழுதினோம்.

பூந்தொட்டிகளை அன்பர் கணக்கில் சேர்க்கவே இல்லை. "செடிகள்தானே!" என்றார். செடி கனப்பதில்லை, மண்ணும் அதில் ஊறிய நீருமே கனம். ஓர் அடி வாயுள்ள தொட்டி, ஈர மண்ணோடு இருபது கிலோவுக்குக் குறையாது. வழியில் வாடாமல் இருக்கவேண்டும் என்று புறப்படும் காலையில் இன்னும் ஒரு குடம் ஊற்றுவார்கள். பதினான்கு தொட்டிக்கு 280 கிலோ. ஸ்கூட்டர் 108, அதன் ஆர்.சி. புத்தகத்திலேயே வெறும் எடை இருக்கிறது.

கடைசியாகச் சமையலறை. பித்தளை அண்டா, குடம், எவர்சில்வர் பாத்திரங்கள் 180. மளிகை, மிக்ஸி முதலியன 70. அம்மியும் ஆட்டுக்கல்லும் 110. கருங்கல் ஒரு கன அடி சுமார் 75 கிலோ என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் எந்தக் கல்லையும் அளந்தே எடை சொல்லிவிடலாம். இந்த ஆட்டுக்கல் அந்த அம்மையாரின் தாயார் கொடுத்த சீர். கல்யாணமான புதிதில் சேலத்திலிருந்து ரயிலேறி வந்தது. தரகர் அதைக் காலால் தட்டி, "இதை இங்கேயே போட்டுவிடுங்கள்" என்றாராம். அம்மையார் அவருக்குப் பதில் சொல்லவில்லை. நம்மிடம் மட்டும், "கல்லை விட்டுவிட்டு நான் வருவதாக இல்லை, தம்பி, உங்கள் கணக்கை எப்படிப் போடுவீர்களோ போடுங்கள்" என்றார்.

கூட்டிப் பார்த்தோம். 2,025 கிலோ. இரண்டு டன்.

இங்கே ஒன்றைச் சொல்லவேண்டும். தரகர் சொன்ன ஒன்றரை டன் என்பதும் மெய்யான ஒன்றரை டன் அன்று. வரவிருந்த வண்டியின் ஆர்.சி. புத்தகத்தில் வெறும் எடை 1,680 கிலோ, சுமையோடு மொத்த எடை 3,180 கிலோ என்று இருந்தது. கழித்தால் 1,500. ஆனால் சட்டம் 'வெறும் எடை' என்று சொல்லும்போது ஓட்டுநரும் உதவியாளும் அதில் சேர்வதில்லை. வண்டி பதிவான பிறகு பக்கங்களை உயர்த்தி வைத்த இரும்புக் கம்பித் தடுப்பு, தார்ப்பாய், வடக்கயிறு, ஜாக்கி, டிரைவரின் அடுப்பு, தண்ணீர்க் குடம் இவையும் சேர்வதில்லை. ஆதலால் சாமான் ஏற்றுவதற்கு முன்பே வண்டியை எடை மேடைக்கு அனுப்பினோம். இப்பக்கங்களில் எடை மேடையை 'தரம் காண்ட்டா' என்கிறார்கள்; தருமத் தராசு என்று பொருள். பொருத்தமான பெயர். ஆள் இருவரும் அமர்ந்து, டீசல் நிரப்பி, தார்ப்பாய் மடித்து வைத்த நிலையில் வண்டி 1,860 கிலோ நின்றது. புத்தகத்துக்கும் மேடைக்கும் 180 கிலோ வித்தியாசம்! ஆக, சாமானுக்கு மிஞ்சியது 1,320 கிலோதான். 2,025 கிலோவை அதில் ஏற்றுவதாக இருந்தார்கள்.

"ஏற்றினால்தான் என்ன? வண்டிகள் எல்லாம் அப்படித்தானே ஓடுகின்றன?" என்று கேட்கும் அன்பர்களுக்குச் சில வார்த்தைகள். நாகபுரியிலிருந்து சேலத்துக்கு 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை. அதிலாபாத், ஹைதராபாத், கர்நூல், அனந்தப்பூர், பெங்களூரு, ஒசூர் வழியாக ஆயிரத்து இருநூறு கிலோமீட்டருக்கு மேல். கடைசியில் தருமபுரியைத் தாண்டியதும் தொப்பூர்க் கணவாய் இறக்கம். அந்த இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் லாரிகள் முன்னே செல்லும் வண்டிகள்மேல் மோதிய விபத்துச் செய்திகளைச் சேலம், தருமபுரிக்காரர்கள் எவ்வளவோ முறை படித்திருக்கிறார்கள். இறக்கத்தில் வண்டியைப் பிடித்து நிறுத்தும் வேலை முழுவதும் பிரேக்கில் வெப்பமாக மாறுகிறது. எடை கால் பங்கு கூடினால் வெப்பமும் கால் பங்கு கூடும். சூடேறிய பிரேக் பிடிப்பை இழக்கும். டயரும் அப்படியே. டயரின் பக்கத்தில் அளவுக்குப் பின்னால் ஓர் எண் இருக்கும். 100 என்றிருந்தால் அந்த டயர் 800 கிலோ தாங்கும் என்று பொருள். வெயிற்காலத் தார்ச்சாலையில், காற்றும் குறைந்து, அதற்கு மேல் ஏற்றினால் டயர் வெடிப்பதற்கு முகூர்த்தம் பார்க்கவேண்டியதில்லை.

சாலையின் கதை தனி. அமெரிக்காவில் இலினாய்ஸ் மாகாணத்து ஆட்டவா என்ற ஊரருகே 1958 முதல் 1960 வரை, சாலைகளை அமைத்து அவற்றின்மேல் லாரிகளை இரவு பகலாக ஓட்டிச் சோதித்தார்கள். சாலைக்கு நேரும் சேதம், அச்சின் எடை ஏறுவதைப் போல் நேராக ஏறவில்லை. ஏறக்குறைய அதன் நான்காம் படியாக ஏறியது. அதாவது அச்சின் எடை ஐந்தில் ஒரு பங்கு கூடினால் சேதம் இரண்டு மடங்காகிறது. நம் நாட்டில் நான்கு டயர் உள்ள ஓர் அச்சுக்கு 10.2 டன்னாக இருந்த வரம்பை 2018 ஜூலையில் மத்திய அரசு 11.5 டன்னாக உயர்த்தியது. வரம்பை உயர்த்தினாலும் மீறுவோர் குறையவில்லை. 2019 செப்டம்பர் முதல் தேதியிலிருந்து அபராதத்தையும் உயர்த்தினார்கள்: அதிகச் சுமைக்கு ரூ. 20,000, அதன்மேல், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் ரூ. 2,000. அதிகப்படியை அங்கேயே இறக்கவும் வேண்டும். எடை போட மறுத்தால் ரூ. 40,000. நடுவழியில் கர்நூலுக்கு அப்பால், பாஷை தெரியாத இடத்தில், பீரோவையும் கட்டிலையும் சாலையோரத்தில் இறக்கி வைத்துவிட்டு மற்றொரு வண்டி தேடுவது எப்படி இருக்கும் என்பதை வாசகர்களே நினைத்துப் பார்த்துக்கொள்ளலாம். அபராதத்தை வண்டிக்காரர் யார் தலையில் கட்டுவார் என்பதையுந்தான்.

அன்பர் வீட்டில் அன்றிரவு பெரிய ஆலோசனை நடந்தது. பெரிய லாரி எடுக்கலாம். வாடகை ஏறக்குறைய இரட்டிப்பு. ஓய்வு பெற்றவரின் கைப்பணம் எதற்கெல்லாமோ காத்திருக்கிறது. குறைப்பதென்று முடிவாயிற்று. பூந்தொட்டிகள் அண்டை வீடுகளுக்குப் போயின. சோபாவும் சாப்பாட்டு மேஜையும் விலைக்குப் போயின. ஸ்கூட்டரைப் பெட்ரோல் வடித்து, சாக்குச் சுற்றிக் கட்டி, ஆர்.சி. நகலுடன் ரயில் பார்சலில் போட்டோம். இந்த மூன்றிலும் 568 கிலோ குறைந்தது. மிச்சம் 1,457. இன்னும் 137 கிலோ மிகுதி.

மகன் தொலைபேசியில், "அந்த ஆட்டுக்கல்லைத் தள்ளிவிடுங்கள், அப்பா, கிரைண்டர் இருக்கிறதே" என்றான். நம் அபிப்பிராயம் வேறு. கல் தன் எடையை ஒளிப்பதில்லை. பார்த்தவுடன் கனம் என்று சொல்லுகிறது. எவரும் அதைக் கணக்கில் விடுவதில்லை. வீட்டுக் கணக்கைக் கவிழ்ப்பவை, கனமில்லாதவைபோல் இருந்து பத்துப் பத்தாகச் சேருபவையே. இதை அன்பரிடம் சொன்னோம். அவர் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு எழுந்து போய், கட்டடம் செய்த பத்திரிகை அலமாரியின் முன் நின்று, ஒவ்வொன்றாக எடுத்து முதற்பக்கத்தைப் பார்த்துப் பார்த்து அடுக்கினார். பதினைந்து அடி புத்தகமும் ஓர் அலமாரியும், 165 கிலோ, மறுநாள் நம் சங்க வாசகசாலைக்கு வந்து சேர்ந்தன. கதவுக்கு இடப்புறம் இருக்கின்றன. அன்பர்கள் எடுத்து வாசிக்கலாம். வீட்டுக்குக் கொண்டுபோவதற்கு மட்டும் கையெழுத்திடவேண்டும்.

காகிதத்தில் 1,292 கிலோ ஆயிற்று. புறப்படும் நாள் காலை, ஏற்றி முடிந்த வண்டி அதே எடை மேடைக்கு, அதே இரு ஆட்களுடன் போயிற்று. இரு முறையும் ஒரே மேடையில் நிறுப்பது நலம். மேடைக்கு மேடை பத்து, இருபது கிலோ வேறுபடலாம். வண்டி 3,210 கிலோ நின்றது. அப்படியானால் சாமான் 1,350. நம் மதிப்பு 58 கிலோ குறைவு. இது எதிர்பார்த்ததே. முதல் நாள் இரவு மழையில் மெத்தைகள் சற்று நனைந்திருந்தன. தவிர, எந்த வீட்டிலும் வண்டி கிளம்பும் நேரத்தில், "இதையும் ஓர் ஓரத்தில் வைத்துவிடு" என்று வரும் பொட்டலங்களை எந்த நோட்டுப் புத்தகமும் பிடித்துவிட முடியாது. ஆதலால் மதிப்பிட்ட எடையோடு நூற்றுக்கு ஐந்து கூட்டிக்கொண்டு வண்டி பேசுவது நல்லது.

முன் சக்கரங்களை மட்டும் மேடையில் நிறுத்தி ஒரு தடவையும் எடை பார்த்தோம். முழு எடையிலிருந்து அதைக் கழித்தால் பின் அச்சின் சுமை தெரியும். பின்னால் மிகுதியானால் முன் சக்கரம் தரையில் அழுந்தாது. ஸ்டீரிங் சொன்னபடி கேட்காது. கூலியாட்கள் வசதிக்காகப் பீரோக்களைக் கடைசியில் ஏற்றி வாலோரத்தில் நிறுத்தியிருந்தார்கள். அவற்றை இறக்கி, டிரைவர் அறையின் சுவரை ஒட்டி நிறுத்தச் சொன்னோம். ஆட்டுக்கல்லை அவற்றின் காலடியில் பலகைமேல் வைத்துக் கட்டச் சொன்னோம். முனகினார்கள், ஒரு தேநீருக்குப் பிறகு செய்தார்கள்.

வரம்புக்கு மேல் இருந்த 30 கிலோவுக்கு வழி, சென்ற மாதம் நாம் எழுதியதிலேயே இருந்தது. தம்பதிகள் ஏ.சி. மூன்றடுக்கு வகுப்பில் பிரயாணம் செய்பவர்கள். ஆளுக்கு 40 கிலோ இலவசம். இருபது கிலோப் பெட்டிகள் இரண்டை லாரியிலிருந்து இறக்கி அவர்களோடு அனுப்பினோம். வண்டி 3,170. வரம்புக்குப் பத்துக் கிலோ கீழே. இரு எடைச் சீட்டுகளையும் டிரைவரிடம் ஆர்.சி. புத்தகத்தோடு சேர்த்துக் கொடுத்து, ஒவ்வொரு பிரதியை அன்பர் தம் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

நான்காம் நாள் ஊரிலிருந்து தொலைபேசி வந்தது. சாமான் எல்லாம் வந்து சேர்ந்துவிட்டதாம்; ஒரு கண்ணாடி டம்ளர் மட்டும் உடைந்ததாம். தொப்பூர் இறக்கத்தில் டிரைவர் கியரிலேயே மெல்ல இறக்கிக்கொண்டு வந்தாராம். அம்மையார் தொலைபேசியை வாங்கி, ஆட்டுக்கல்லைக் கொல்லைத் தாழ்வாரத்தில் வைத்தாயிற்று என்றும், இறக்குவதற்கு வந்த இரண்டு பையன்களால் அதை அசைக்க முடியாமல் பக்கத்து வீட்டாரையும் கூப்பிட வேண்டியதாயிற்று என்றும் சொன்னார்.